நடத்துனரின் வயிற்றுப் பை

மலையில் ஆடி மழை பதினோராம் நாளாக விடாமல் பெய்து, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் இருபத்தேழாவது வளைவுக்குப் பக்கத்தில் மண் சரிந்து பாதையை மூடி, மேலே இருந்தவர்கள் மேலேயும் கீழே இருந்தவர்கள் கீழேயும் நின்றுவிட்ட அந்த வாரத்தில்தான், பேருந்து நடத்துனர் சூசைநாதனின் மனைவி மரியபுஷ்பத்துக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய கரு அது. மூணுபாறை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில், கரண்ட் போய் நான்கு நாளான இருட்டில், எஸ்டேட் மருந்தகத்தின் நர்ஸ் ஏலியம்மா அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் குழந்தையை எடுத்தாள். பெண் குழந்தை. கடைக்காரரிடம் தராசு வாங்கி வந்து ஒரு கிலோ படிக்கல்லை ஒரு தட்டிலும் குழந்தையை மறு தட்டிலும் வைத்துப் பார்த்தபோது, தராசு கல்லின் பக்கமே சாய்ந்தது.

இதற்குச் சூடுதான் வேண்டும், வேறு மருந்து கிடையாது, தாயின் தோலோடு தோலாக ஒட்டி வைத்திருக்க வேண்டும் என்று ஏலியம்மா சொன்னாள். ஆனால் தாய்க்கோ பிரசவித்த இரவே ஜன்னி கண்டு, உடம்பு ஒரு நேரம் அனலாகவும் ஒரு நேரம் ஐஸாகவும் மாறி மாறித் தூக்கிப் போட்டது. ஆகவே சூசைநாதன் தன் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தையை வெறும் வயிற்றில் வைக்கச் சொல்லி, மேலே மனைவியின் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு, அடுப்போரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு பகலும் இரண்டு இரவும் அவர் எழுந்திருக்கவில்லை, ஏலியம்மாதான் வந்து, தாயிடம் பீய்ச்சிய பாலைப் புடவை இடுக்கு வழியாகச் சொட்டு விட்டுப் போனாள். மூன்றாம் நாள் காலையில் மழை கொஞ்சம் வெறித்தபோது புடவையை விலக்கிப் பார்த்த ஏலியம்மா, அவர் தொப்புளுக்கு நாலு விரல் கீழே தோல் மடிந்து, தைத்த பையின் வாயைப் போலத் திறந்திருப்பதையும், அதற்குள் குழந்தை சுருண்டு படுத்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உதடு சிவந்து தூங்குவதையும் கண்டாள். உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக, ஈரமில்லாமல், மெல்லிய பூனைமயிர் முளைத்து இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை, கொஞ்சம் பசிக்கிறது என்று சொன்னார் சூசைநாதன். அவள் கஞ்சி வைக்கப் போனாள்.

லைன் வீடுகளில் இருந்தவர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். இது மாதா செய்த காரியம் என்று சிலரும், மாரியம்மன் செய்தது என்று சிலரும் சொன்னார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே செய்திருக்கலாம் என்று ஒருத்தி சொன்னதற்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றது. மேஸ்திரி மட்டும் இது தொற்றுமா என்று விசாரித்தார். தொற்றினால் நல்லதுதானே என்று, போன வருஷம் எட்டு மாதக் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண் சொன்னாள். கூரை ஒழுகுவதும் அரிசி தீர்வதும் அவரவர் கவலையாக இருந்ததால், யாரும் ரொம்ப நேரம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. பையில் குழந்தை வைத்திருப்பவருக்குக் குனிய முடியாதே என்று விறகை மட்டும் அவர் கை எட்டும் உயரத்தில் அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் மரியபுஷ்பத்துக்கு ஜுரம் விட்டது. கண்ணைத் திறந்ததும் புள்ள எங்க என்று கேட்டாள். சூசைநாதன் பக்கத்தில் வந்து புடவையை விலக்கிக் காட்டினார். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் வயிற்றைத் தடவினாள், அது காலியாக, தொளதொளவென்று கிடந்தது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“ஏழு மாசத்துல எங்கிட்ட இருந்து புடுங்கி உங்ககிட்ட குடுத்துட்டாங்க” என்று சுவரிடம் சொன்னாள்.

புள்ள உயிரோட இருக்கா புஷ்பம் என்றார் சூசைநாதன். உயிரோடு இருப்பதற்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் தனக்கு ஏன் இப்படி எரிகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

பாதை திறந்ததும் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஓர் இளம் டாக்டர் பையின் வாயை விரித்துப் பார்த்து, மூடி, கை கழுவிவிட்டு வந்து, ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் சூட்டுப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும், இதற்கு அதுவும் தேவையில்லை, இடம் மாற்றுவதுதான் ஆபத்து என்றார். வாரத்துக்கு ஒரு தடவை எடை பார்க்க வரச் சொன்னார். பால் மட்டும் இரண்டு மணிக்கொரு தரம் விடாமல் போக வேண்டும், பஞ்சுத் திரியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், இந்தப் பையில் பால் கிடையாது, அது அம்மாவிடம்தான் என்று சொல்லி, மரியபுஷ்பத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லீவு தீர்ந்தது. சூசைநாதன் நிரந்தரமாகாத தொழிலாளி. வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது, போனால் பிள்ளையும் கூடப் போகும், பிள்ளை போனால் பாலும் போயாக வேண்டும். ஆகவே அவர்கள் மூன்று பேருமே வேலைக்குப் போனார்கள். பணிமனை மேலாளர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பணியில் இருக்கும்போது சட்டைப் பொத்தான்கள் போட்டிருக்க வேண்டும் என்று இருந்ததே ஒழிய, வயிற்றில் பை இருக்கக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எனவே அவர் ஒரு டெய்லரை வரவழைத்து, காக்கிச் சட்டையின் முன்பக்கம் மூச்சு போகிற மாதிரி ஒரு மடிப்பு வைத்துத் தைக்கச் சொன்னார்.

இப்படியாகப் பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் இடையே, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில், ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் இறங்கும் அந்தப் பேருந்தில், பின்படியிலிருந்து முன்படி வரை சூசைநாதன் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் டிக்கெட்டையும் பிடித்து நடக்க, ஓட்டுநருக்குப் பின்னால் முதல் சீட்டில் மரியபுஷ்பம் சால்வை போர்த்தி உட்கார்ந்து, இரண்டு மணிக்கொரு தரம் ஒரு சின்ன டம்ளரில் பாலைப் பீய்ச்சி, திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டுவாள். ஓட்டுநர் காளியண்ணன், இருபது வருஷமாக வளைவுகளைச் சண்டைக்காரனைப் போல வெட்டித் திருப்பிப் பழகியவர், இப்போது எண்ணெய் நிறைந்த விளக்கை எடுத்துக்கொண்டு நடப்பவரைப் போல ஓட்டினார். பீடி பிடிப்பவர்கள் அட்டகட்டி நிறுத்தத்தில் இறங்கிப் பிடித்துவிட்டு ஏறினார்கள். பனி இறங்கும் கவர்க்கல்லில் யாரும் சொல்லாமலே எல்லா ஷட்டர்களும் இறங்கின. ஒரு நாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி, சட்டை மடிப்பில் எட்டிப் பார்த்த உச்சந்தலையையும் சேர்த்துத் தலைகளை எண்ணி, டிக்கெட்டை விட ஒன்று அதிகம் வருகிறதே என்று நின்றார். சட்டை மடிப்பை விலக்கிக் காட்டியதும், இன்னும் இறங்கி ஏறாதவரைப் பயணி என்று கொள்ள முடியாது என்று தீர்ப்புச் சொல்லி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்.

மூன்றாவது வாரத்தில் மரியபுஷ்பத்துக்குப் பால் குறைந்தது. அவள் சொல்லவில்லை, ஆனால் டம்ளர் சொல்லிவிட்டது. அன்று ரொட்டிக்கடை நிறுத்தத்தில் ஏறிய பாத்திமுத்து, மடியில் நாலு மாதப் பிள்ளையோடு இருந்தவள், டம்ளரை வாங்கி, திரும்பி உட்கார்ந்து, பாதி நிறைத்துக் கொடுத்தாள். மறுநாள் வேறொருத்தி. அடுத்த நாள் கேரளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒருத்தி. யார் வீட்டுப் பால், என்ன ஆட்கள் என்று ஒரு பெரியவர் கேட்டார். கேள்வி மூன்றாவது வளைவில் எழுந்தது, யாரும் அவரோடு பேசாததால் ஐந்தாவது வளைவில் அடங்கியது, ஒன்பதாவது வளைவில் அவரே தன் கம்பளியை எடுத்து மரியபுஷ்பத்தின் காலில் போட்டார்.

திங்கட்கிழமை மேலே ஏறி வெள்ளிக்கிழமை கீழே இறங்கும் குமுதவல்லி டீச்சர், மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுப்பவர், முதல் நாள் பையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும், எதையும் அதனதன் இடத்தில் வைக்காவிட்டால் தூக்கம் வராத சுபாவம். சூசைநாதனை எந்த இடத்தில் வைப்பது என்பதே அவருக்குப் பிரச்சினையாகிவிட்டது. பயணிகள் கேட்கக் கேட்க அவரும் சொல்லிக்கொண்டே வந்தார். பால் கொடுத்து வளர்ப்பவை எல்லாம் பாலூட்டிகள், மயிர் உண்டு, ரத்தத்தில் சூடு உண்டு, வெளியே பனி கொட்டினாலும் உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும் என்றார். அதில் மூன்று வழி உண்டு. முதலாவது, முட்டை போட்டு, பொரித்து, அப்புறம் பால் கொடுப்பது. ஆஸ்திரேலியாவில் வாத்து மூக்கோடு ஒன்று இருக்கிறது, அதற்குக் காம்புகூடக் கிடையாது, தோலில் வேர்வை மாதிரிப் பால் கசியும், குட்டி நக்கிக் குடிக்கும். இரண்டாவது, கங்காருவைப் போல, விரல் நுனி அளவில் குட்டி போட்டு, மிச்சத்தைப் பையில் வைத்து வளர்ப்பது. மூன்றாவது நாம், தொப்புள்கொடி கட்டி உள்ளேயே வைத்து முழுதாக வளர்ப்பது.

மூன்றாவதில் யார் யார் என்று கேட்டவர்களுக்கு ஜன்னலே பதில் சொன்னது. குரங்கு அருவிக்குப் பக்கத்தில் தொங்கிய குரங்குகளும் மேலே சோலைக்குள் இருக்கும் சோலைமந்தியும் நம் பக்கத்து உறவு என்றார் டீச்சர். பலா மரத்தில் ஓடிய மலையணிலும் வீட்டு எலியும் முள்ளம்பன்றியும் கொறிக்கிற கூட்டம். குளம்பு வைத்த காட்டுமாடு ஒரு கூட்டம், சிறுத்தையும் மரநாயும் நாயும் ஒரு கூட்டம். யானைக்கு இன்று நெருங்கின சொந்தம் கடலில் இருக்கும் கடல்பசு என்றபோது யாரும் நம்பவில்லை. வௌவால் பறந்தாலும் பறவை இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும். உடம்பெல்லாம் செதிள் வைத்த அழுங்குகூட அப்படித்தான். திமிங்கலத்துக்கும் பாலா, கடலில் எப்படிக் குடிக்கும் என்று காளியண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார். பசை மாதிரிக் கெட்டியாக இருக்கும், குட்டியின் வாயிலேயே பீய்ச்சிவிடும் என்றார் டீச்சர். காளியண்ணன் அதை நினைத்துக்கொண்டே ஆறு வளைவு ஓட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை டீச்சர் முகம் மலர ஏறினார். நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் கண்டுபிடித்துவிட்டாராம், தென் அமெரிக்காவின் ஓடைகளில் நீந்தும் ஒரு பிராணிக்கு ஆணுக்கும் பை உண்டு. அப்படியானால் நம்ம கண்டக்டர் தனியாள் இல்லை என்று பேருந்து முழுதும் நிம்மதி பரவியது. அந்த ஆண் அந்தப் பையில் குட்டியை அல்ல, தன் விதைப்பையைத்தான் வைத்துப் பாதுகாக்கிறது என்று புத்தகத்தில் எழுதியிருந்ததை மட்டும் டீச்சர் பேருந்தில் சொல்லவில்லை. ஆனால் சூசைநாதனைக் கடைசிவரை அவரால் எந்த இடத்திலும் வைக்க முடியவில்லை. பை இவரிடம், கொடியும் பாலும் அந்தம்மாவிடம், இரண்டு பேரையும் சேர்த்து ஒரே பிராணியாகத்தான் எழுத வேண்டும் என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தார். மரியபுஷ்பம் சிரிக்கவில்லை.

ஆவணி முடிந்தது. வயிற்றிலேயே இருந்திருந்தால் பிறந்திருக்க வேண்டிய நாளும் நெருங்கியது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு நிமிஷம் வெளியே எடுத்து எடை பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தாள், இரண்டே முக்கால் கிலோ. இனி வெளியிலேயே வைத்து அம்மாவிடம் நேராகப் பால் குடிக்க விடலாம் என்று டாக்டர் சொன்னார். நாளைக்கு எடுக்கலாம் என்றார் சூசைநாதன். மறுநாள் சாரல் அடித்தது, நாளைக்கு என்றார். அதற்கு மறுநாள் வெயில் அடித்தது, பனி இன்னும் போகலையே என்றார். ஒரு வாரம் போனது. அவர் முன்சீட்டுப் பக்கமே வராமல் பின்படியில் நிற்கத் தொடங்கினார், டம்ளரைப் பயணிகள் கை மாற்றிக் கொடுத்தார்கள். வயிற்றுக்குள் பிள்ளை புரள்வதும், விக்குவதும், தன் மூச்சு வாங்கும்போதெல்லாம் அவள் மூச்சும் சேர்ந்து ஏறுவதும் இல்லாமல் மனிதன் எப்படி நடமாடுகிறான் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை இறக்கத்தில் மரியபுஷ்பம் முதல் தடவையாக டீச்சரிடம் தானாகப் பேசினாள். அந்தக் கங்காருக் குட்டி கடைசியில் எப்படி வெளியே வரும், அதுவாக வருமா என்று கேட்டாள். முதலில் வெளியே வந்து வந்து உள்ளே போகும், பிறகு ஒரு நாள் திரும்பி ஏற வரும்போது தாய் பையின் வாயை இறுக்கிக்கொள்ளும், உள்ளே விடாது என்றார் டீச்சர்.

“இறுக்கத் தெரியலைன்னா?” என்றாள் மரியபுஷ்பம்.

டீச்சர் பின்படியைத் திரும்பிப் பார்த்தார். அது புத்தகத்தில் இல்லை என்றார்.

திங்கட்கிழமை காலை ஏற்றத்தில், ஒன்பதாவது வளைவில், வரையாடுகள் சாலையை மறித்து நின்றன. பாறையிலிருந்து இறங்கி வந்த ஒரு தாய் ஆடு நடுரோட்டில் நிற்க, அதன் குட்டி முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. காளியண்ணன் எஞ்சினை அணைத்தார். அந்த அமைதியில் மரியபுஷ்பம் சீட்டை விட்டு எழுந்தாள். நின்றிருந்தவர்கள் விலகி வழி விட, பேருந்தின் நீளம் முழுதும் நடந்து, பின்படியில் நின்ற புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

“குடுங்க” என்றாள்.

“இன்னிக்கு வேணாம் புஷ்பம். பனி.”

“வெயில் அடிக்குது.”

அவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டார். எதிரில் நிற்பவளைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தார்.

“எடுத்துட்டா எனக்கு உள்ள குளிரும்” என்றார். “உனக்குத் தெரியாது.”

மரியபுஷ்பத்தின் முகம் ஒரு கணம் கல்லாகி, பிறகு மெல்ல இளகியது.

“எனக்கா தெரியாது?” என்றாள். “ஒம்போது வாரமா குளிருதுங்க.”

சூசைநாதன் அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வாரமாக அதே பேருந்தில் உட்கார்ந்து, கையை மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தவளின் முகத்தை அவர் அன்றுதான் பார்த்தார். பொத்தியிருந்த கைகளை எடுத்தார். சட்டை மடிப்பை அவரே விலக்கினார்.

அந்தப் பையை அதுவரை அவள் தொட்டதே இல்லை. இப்போது கையை உள்ளே விட்டவள், பிள்ளையை உடனே எடுக்காமல் அப்படியே நின்றாள். உள்ளே அவ்வளவு சூடாக இருந்தது. அவருடைய நாடித் துடிப்பு அவள் உள்ளங்கையில் ஒரு பக்கமும், பிள்ளையுடையது மறு பக்கமும் அடித்தது. இவ்வளவு சூடாவா வச்சிருந்தீங்க என்று, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள். பிறகு தலைக்கு அடியில் கை கொடுத்து, பிள்ளையை வெளியே எடுத்தாள்.

வெளிச்சம் பட்டதும் குழந்தை அழுதது. அதுவரை பூனைக்குட்டியின் முனகலைத் தவிர அவளிடமிருந்து எதையும் கேட்டிராத அந்தப் பேருந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டு முழுதாக நிமிர்ந்து உட்கார்ந்தது. ரோட்டில் நின்ற வரையாடு காதைத் திருப்பியது. மரியபுஷ்பம் கடைசி சீட்டில் இடம் கிடைத்து உட்கார்ந்து, சால்வைக்குள் பிள்ளையை அணைத்தாள். இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் பற்றிக்கொண்டது. குறைந்துவிட்டது என்று அவள் நினைத்திருந்த பால் இறங்கி, குடிக்கும் பக்கம் மட்டுமில்லாமல் மறு பக்கமும் ரவிக்கையை நனைத்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

சூசைநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆடுகள் போய்விட்டன, விசில் கொடுக்க வேண்டும், ஆனால் விசிலை வாயில் வைத்தவருக்குக் காற்று வரவில்லை. காளியண்ணன் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, விசிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்தார்.

பதினைந்தாவது வளைவில் குழந்தை குடித்து முடித்துத் தூங்கியபோது, சூசைநாதன் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பையின் வாய் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. எங்கே தொட்டாலும் விரல் உள்ளே போகவில்லை. திரும்பத் திரும்பத் தடவினார். மரியபுஷ்பம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவரை நகரச் சொல்லி, புருஷனைச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“கை இருக்குல்ல. புடிங்க” என்று பிள்ளையை நீட்டினாள்.

அவர் கையை நீட்டினார், உடனே பின்னுக்கு இழுத்தார். ஒன்பது வாரம் சுமந்த பிள்ளையை ஒரு தடவைகூடக் கையில் ஏந்தியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கும் மற்றவர்களுக்கும் உறைத்தது. கழுத்து நிற்காதே, எங்கே பிடிப்பது, எப்படிப் பிடிப்பது என்று திகைத்து, வழியும் கண்ணைத் துடைக்கவும் மறந்து அவர் விழிக்க, தலைக்குக் கீழ ஒரு கை வைங்க என்று பாத்திமுத்து சொன்னாள், முழங்கையை மடக்குங்க என்று இன்னொருத்தி சொன்னாள், கம்பளிக்காரப் பெரியவர் எழுந்து வந்து காட்டியே கொடுத்தார், பிள்ளை பெறாத டீச்சரும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். முன்னாலிருந்து காளியண்ணன், ஆடாம புடிச்சுக்க சூசை, வளைவு வருது என்றார். அவர் பிடித்துக்கொண்டார்.